பச்சைக் குழந்தையின் தலையில் பூஞ்சையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த மகப்பேறு பற்றிய கட்டுரையை என் மகள்தான் எடுத்து வந்து காட்டினாள். பயனுள்ள கட்டுரை, பெரும்பகுதி தெளிவாகவே இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் எங்கள் இருவரையும் உலுக்கிவிட்டது. சுகப்பிரசவத்தில் பிறக்கும் குழந்தைகளின் தலையில் பூஞ்சை காணப்படுவது இயல்பு, சில நாட்களில் தானாகவே மறைந்துவிடும் என்று அதில் அச்சாகியிருந்தது. மூலத்தில் 'மோல்டிங்' என்று இருந்திருக்கும். அதை மொழிபெயர்த்தவர் 'மோல்டு' என்றால் பூஞ்சை என்று அகராதியில் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லால் என் வீட்டில் ஓர் இரவு முழுக்க யாரும் தூங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் மோல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணலில் அச்சுக் கட்டுவது என் தொழில். மோல்டிங் என்ற சொல்லை என் பெயரைக் காட்டிலும் அதிகமுறை கேட்டிருப்பேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து நெடுநேரம் கழித்துத்தான் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டியபோது தலை பின்பக்கமாக நீண்டு, கூம்பு போல இருந்தது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. இரவில் மருமகன் பிரசவக் குறிப்பேட்டின் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் மோல்டிங் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தது. அவர் கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டித் தமிழில் பார்த்தார். 'பூஞ்சை பிடித்தல்' என்று வந்தது. இரண்டு கூட்டல் குறி என்றால் பூஞ்சை அதிகம் என்று அவரே பொருள் செய்துகொண்டார். மகள் அழத் தொடங்கினாள். தன் உடம்பிலிருந்த ஏதோ கிருமி குழந்தைக்குப் போய்விட்டது என்று அவளுக்கு நினைப்பு.

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். மருத்துவம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சொல் தெரியும். "இது பூஞ்சையா இருக்காதும்மா, எங்க வேலைச் சொல்லும்மா இது. எதுக்குள்ளயோ அழுந்தி உருவம் மாறியிருக்குன்னுதான் எழுதியிருப்பாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் முழு உறுதி இல்லை. விடியும்வரை குழந்தையின் தலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

காலையில் வந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பிறக்கும் குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. நெற்றியில் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, பிடரியில் ஒன்று எனத் தனித்தனித் தகடுகளாக இருக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய இணைப்புகள் உண்டு. நாம் உச்சிக்குழி என்று தொட்டுப் பார்க்கிறோமே, அது அந்த இணைப்புகள் கூடுமிடம். பிரசவப் பாதை குறுகலானது. தலை அதன் வழியாக இறங்கும்போது இந்தத் தகடுகள் நெருங்கி, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறிக்கொள்ளும். தலையின் சுற்றளவு குறைந்து குழந்தை வெளியே வர வழி கிடைக்கும். இதற்குத்தான் மகப்பேறு மருத்துவத்தில் மோல்டிங் என்று பெயர். தகடுகள் தொட்டுக்கொண்டு நின்றால் ஒரு கூட்டல் குறி. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்து, விரலால் மெல்ல அழுத்தும்போது விலகினால் இரண்டு. அழுத்தியும் விலகாமல் இறுக்கமாக ஏறியிருந்தால் மூன்று. பிரசவம் தடைபடுகிறதா என்று கணிக்க மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. பிறந்தபின் சில நாட்களில் தலை தானே உருண்டைக்கு வந்துவிடும், யாரும் பிடித்து உருட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார். பேத்தியின் தலை ஒரு வாரத்துக்குள் சரியாகிவிட்டது.

உங்கள் கட்டுரையில் உள்ள பிழை எங்கள் வீட்டில் நடந்ததைவிட ஆபத்தானது. நாங்கள் இல்லாத நோயை நினைத்துப் பயந்தோம். உங்கள் வரியைப் படிப்பவர் இருக்கும் நோயைக் கண்டு பயப்படாமல் இருந்துவிடலாம். பிறந்த குழந்தைக்கு வாயிலோ தோலிலோ உண்மையிலேயே பூஞ்சைத் தொற்று வருவது உண்டு. அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூஞ்சை இயல்பு, தானாக மறையும் என்று நாளிதழில் படித்த தாய் காத்திருந்தால் என்ன ஆகும்?

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பிறகு நூலகத்தில் போய்த் தேடினேன். ஆங்கிலத்தில் 'மோல்டு' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று தனிச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று அச்சு. இது 'மாடுலஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மாடுலஸ் என்றால் சிறு அளவு. மாடல், மாட்யூல் என்று நாம் இன்று புழங்கும் சொற்களும் அதே குடும்பம்தான். இரண்டாவது பூஞ்சை. இதற்கும் லத்தீனுக்கும் தொடர்பில்லை, வடக்கு ஐரோப்பிய மொழிகளில் பூசணம் பூப்பதைக் குறித்த வினையோடு உறவுடையது. மூன்றாவது பொலபொலவென்ற மண். தோட்டக்காரர்கள் இலைமக்கு என்று சொல்கிறார்களே, அதை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல் இதுதான். பிரிட்டிஷ் வழக்கில் 'யு' சேர்த்தும் அமெரிக்க வழக்கில் அது இல்லாமலும் எழுதுகிறார்கள். மூன்றுக்கும் அப்படித்தான், ஆகவே எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிரிக்க முடியாது. ஆனால் 'மோல்டிங்' என்று தொழிற்பெயராக வரும்போது அது பூஞ்சையைக் குறிப்பது மிக அரிது. பெரும்பாலும் அச்சோடு தொடர்புடைய ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். மொழிபெயர்ப்பவர் இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதிப் பிழை குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோல்டிங் என்றால் வார்ப்பு என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். வார்ப்படத் தொழிற்சாலையில் இரண்டும் வேறு வேறு வேலைகள். மோல்டிங் என்பது அச்சுக் கட்டுவது. மரத்திலோ உலோகத்திலோ செய்த மாதிரியை, நாங்கள் பேட்டர்ன் என்போம், பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் மணலை இட்டு இடித்து இறுக்குவோம். கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி என்று இரண்டு பாதி. பேட்டர்னை அலுங்காமல் உருவி எடுத்தால் மணலில் அதன் வடிவம் வெற்றிடமாக நிற்கும். உள்ளே துளை வேண்டிய இடத்தில் கோர் என்னும் உள்ளச்சை வைத்து, உலோகம் இறங்க வழியும் காற்று வெளியேற வழியும் விட்டுப் பெட்டிகளை மூடுவோம். மோல்டிங் அதோடு முடிந்தது. 1300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பைக் கொண்டுவந்து ஊற்றுவது அடுத்த வேலை. அதுதான் வார்த்தல். மோல்டர் மோசமாகக் கட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக ஊற்றினாலும் பொருள் தேறாது. எனவே 'மோல்டிங் பிரிவில் விபத்து' என்று வரும் செய்தியை 'வார்ப்புப் பிரிவில் விபத்து' என்று எழுதினால், உருகிய இரும்புக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அடிபட்டதாகப் படிப்பவர் நினைப்பார். அடிபட்டவர் மணல் இடித்துக்கொண்டிருந்தவராக இருக்கலாம்.

மோல்டு என்ற சொல்லின் வேரில் இருக்கும் 'அளவு' என்ற பொருளை எனக்கு நன்றாகப் புரியவைத்த ஒரு கருவியைச் சொல்ல வேண்டும். பேட்டர்ன் செய்பவரின் அளவுகோல் சாதாரண அளவுகோல் அல்ல. வார்ப்பிரும்பு உறைந்து குளிரும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், எஃகு அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே வார்ப்பிரும்புக்கான சுருக்க அளவுகோலில் 1000 மில்லிமீட்டர் என்று குறித்திருக்கும் நீளம் உண்மையில் 1010 இருக்கும். அதை வைத்து அளந்து செய்தால் பேட்டர்ன் சற்றுப் பெரிதாக அமையும், வார்த்த பொருள் சரியான அளவில் வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அளவுகோலைத் தவறானது என்று எண்ணி மூத்த தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என்னை உட்காரவைத்து விளக்கிய அன்றுதான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது.

எங்கள் மணலுக்கு ஆங்கிலத்தில் 'கிரீன் சாண்டு' என்று பெயர். நிறம் பச்சை இல்லை, கறுப்பு. சிலிக்கா மணலோடு பெண்டோனைட் களிமண்ணும் சிறிது நீரும் சேர்த்து, சுடாமல் ஈரத்தோடு பயன்படுத்துவதால் அந்தப் பெயர். ஈரம் கூடினால் ஆவி கிளம்பி வார்ப்பில் குழி விழும், குறைந்தால் மணல் உதிரும். இதைப் 'பச்சை மணல்' என்று எழுதினால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. பச்சை மண், பச்சைக் களிமண், பச்சைக் குழந்தை என்று ஈரமும் இளமையும் மாறாததைச் சொல்லத் தமிழிலும் அதே சொல்தான் இருக்கிறது. இந்த ஓரிடத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அப்படியே பொருந்திவிட்டது.

எல்லா இடத்திலும் அப்படிப் பொருந்தாது. 'இன்ஜெக்‌ஷன் மோல்டிங்' என்பதை 'ஊசி மோல்டிங்' என்றும் 'ஊசி வார்ப்பு' என்றும் அச்சில் பார்க்கிறேன். அங்கே ஊசி எதுவும் இல்லை. பிளாஸ்டிக் குருணையைச் சூடான உருளைக்குள் இளக்கி, திருகுத்தண்டு அதை முன்னோக்கித் தள்ளி, மூடிய உலோக அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறது. ஆறியதும் அச்சு திறந்து பொருளை வெளியே தள்ளும். 1872-ல் அமெரிக்காவின் ஹையாட் சகோதரர்கள் செல்லுலாய்டு என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக்குக்காக இந்த முறையில் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று வாளி, பேனா மூடி, மின்சார சுவிட்ச் என்று கையில் எடுக்கும் பாதிப் பொருள்கள் இந்த வழியில் வருகின்றன. இங்கே அச்சை நிரப்பும் வேலையே மோல்டிங் என்பதால், 'உட்செலுத்து வார்ப்பு' என்று எழுதினால் வேலை புரிந்துவிடும். புட்டிகள் செய்யும் 'புளோ மோல்டிங்' முறைக்கு 'ஊது வார்ப்பு' என்ற பெயர் அழகாகவே அமைந்திருக்கிறது. உள்ளே காற்றை ஊதி அச்சின் சுவரோடு ஒட்டவைக்கிறார்கள். இந்தத் துறையில் வெளிவரும் பொருளையும் மோல்டிங் என்றே சொல்வார்கள் என்பதையும் மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டும். செயலா பொருளா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வீட்டு அலங்காரப் பக்கத்தில் 'கதவு வார்ப்பு', 'கூரை வார்ப்பு' என்று வருவதும் இதே பிழைதான். கதவு நிலையைச் சுற்றி ஓடும் மரச்சட்டத்தை யாரும் வார்ப்பதில்லை, இழைத்துச் செதுக்குகிறார்கள். தச்சர்கள் அதைப் பீடிங் என்கிறார்கள். சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஓடுவது கார்னிஸ். இவற்றுக்கு ஏன் மோல்டிங் என்று பெயர் வந்தது என்றால், கல்தச்சர்கள் ஒரு வெட்டுமுகத்தின் வடிவத்தைப் பலகையிலோ தகட்டிலோ வெட்டி வைத்துக்கொண்டு, அதை அளவாகப் பிடித்துக் கல்லைச் செதுக்கினார்கள். அந்த அளவுத் தகட்டுக்கு மோல்டு என்று பெயர். தமிழில் இந்தத் துறைக்குச் சொற்பஞ்சமே கிடையாது. நம் சிற்பிகள் அதிட்டானம் என்னும் கோயில் அடிப்பீடத்தின் ஒவ்வொரு வரிக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. குமுதம் உருண்டு வந்தால் விருத்த குமுதம், பட்டை பிடித்து வந்தால் முப்பட்டைக் குமுதம். மேலே வளைந்து இறங்கும் கபோதத்துக்குப் புறா என்று பொருள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'கூரை வார்ப்பு' என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டடக்கலைக் கட்டுரை என்றால் சிற்பிகளின் சொல்லை எடுங்கள். வீட்டுப் பராமரிப்புக் கட்டுரை என்றால் பீடிங் என்றோ விளிம்புப் பட்டி என்றோ எழுதுங்கள், கடைக்காரருக்கும் தச்சருக்கும் புரியும்.

யோசித்துப் பார்த்தால், ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதைத் தமிழ் கைவேலையின் தன்மை பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறது. உலோகத்தை வார்க்கிறோம். மண்பானையை வனைகிறோம். நாணயத்தை அடிக்கிறோம். மெழுகு வைத்துப் படிமம் வார்ப்பவர்கள் அந்த மண் அச்சைக் கரு என்கிறார்கள். கையால் அழுத்தி உருவம் கொடுப்பதற்குப் பிடித்தல் என்று பெயர், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பழமொழியே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது செங்கல். அச்சுச் சட்டத்தில் களிமண்ணை அப்பி எடுக்கும் வேலையை ஆங்கிலத்தில் மோல்டிங் என்பார்கள், சூளைக்காரர்கள் செங்கல் அறுக்கிறோம் என்பார்கள். சட்டத்துக்கு மேலே மிஞ்சிய மண்ணைச் சீவித் தள்ளும் அந்தக் கை அசைவை அறிந்தவர்களுக்கு 'அறுத்தல்' ஏன் என்று புரியும். 'செங்கல் மோல்டிங்' என்றோ 'செங்கல் வார்ப்பு' என்றோ எழுதும் உதவி ஆசிரியர் ஒருமுறை சூளைப்பக்கம் போய் நின்று பார்த்தால் நல்லது.

மாணவர்களை 'மோல்டு' செய்வது என்று கல்விப் பக்கத்தில் வருவதற்கு வார்த்தெடுத்தல் என்று எழுதுகிறீர்கள். பிழை என்று சொல்ல மாட்டேன், அச்சில் வார்த்தாற்போல என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் மோல்டராக இருந்த எனக்கு அது உறுத்துகிறது. ஒரே பேட்டர்னில் நாளுக்கு நூறு பெட்டி கட்டுவோம், நூறும் ஒன்றுபோல் வரவேண்டும், மாறி வந்ததை உடைத்து மறுபடி உலையில் போடுவோம். குழந்தைகளுக்குப் பண்படுத்துதல் என்ற சொல் நல்லது, நிலத்துக்குச் செய்வதைப்போல.

ஐயா, ஐரோப்பாவில் உலோக எழுத்து அச்சுத் தொழில் பிறந்ததே இந்த வேலையில்தான். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் கூட்டன்பர்க் எழுத்துகளைத் தனித்தனியாக வார்க்கக் கை அச்சு ஒன்றைப் பயன்படுத்தினார். அதில் வார்த்தது ஈயம், வெள்ளீயம், ஆன்டிமணி கலந்த உலோகம். எழுத்துக்குக் கடினம் கொடுக்கவும் உறையும்போது சுருக்கம் குறையவும் ஆன்டிமணி உதவுகிறது. எங்கள் சுருக்க அளவுகோலின் கவலைதான் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் நாளிதழின் முழுப் பக்கத்தையும் காகிதக்கூழ் அட்டையில் அழுத்தி அச்செடுத்து, அதில் உலோகம் ஊற்றி வளைந்த தகடாக்கிச் சுழலும் இயந்திரத்தில் பூட்டினார்கள். அந்தத் தகட்டின் பெயர்தான் 'ஸ்டீரியோடைப்'. கணினி வந்தபிறகு அந்த அறைகள் போய்விட்டன. உங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், மோல்டு என்றதும் பூஞ்சை அவர்களுக்கு நினைவுக்கே வராது.

என் வேண்டுகோள் இரண்டு. இந்தச் சொல் எங்கே வந்தாலும், எதற்கு, எதைக்கொண்டு, யார் உருவம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்படி மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். பொருள் பிடிபடாத இடத்தில் மோல்டிங் என்றே எழுதிவிட்டால்கூட யாருக்கும் தீங்கில்லை.

மற்றது அவசரம். மருத்துவப் பக்கத்தில், முன்பு வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். உங்களுக்கு வசதியாக வரிகளை நானே எழுதித் தருகிறேன், மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்:

"சென்ற வாரக் கட்டுரையில் பூஞ்சை என்று வந்தது பிழை. பிரசவப் பாதையில் தலை அழுந்தி வரும்போது மண்டையோட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் பிறந்த குழந்தையின் தலை நீண்டு தெரியலாம். இது பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும். குழந்தையின் தோலிலோ வாயிலோ வெண்படலமோ தடிப்போ தெரிந்தால் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோல்டர் ஒருவர்,
உங்கள் நெடுநாள் வாசகர்